தம்பி, நீங்கள் கொஞ்சம் குறைவாகப் பேசுங்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் படித்த கல்லூரியிலேயே ஆறு வருடமாகக் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் நடத்தி வருகிறேன். பகலில் அலுவலக வேலை. வியாழன் மாலை ஒன்றரை மணி நேரம் கூட்டம். ஐந்து பேரோடு ஆரம்பித்தது. மூன்றாம் வருடத்தில் நாற்பத்தைந்து பேர் வந்தார்கள். இப்போது பன்னிரண்டு பேர். ஒவ்வொரு வாரமும் நான்கு மணி நேரம் உட்கார்ந்து பிரசங்கச் செய்தி தயாரிக்கிறேன். கேட்கிறார்கள், "நல்லா இருந்துச்சு அண்ணா" என்கிறார்கள், போய்விடுகிறார்கள். பொறுப்பெடுக்க ஆளில்லை. கைகொடுத்தவர்கள் எல்லாம் கடைசி வருடத்து மாணவர்கள், படிப்பு முடிந்து போய்விட்டார்கள். ஒரு மாணவன் எல்லார் முன்னாலும் "எனக்கு விசுவாசமே போய்விட்டது" என்று சொல்லி, வாரா வாரம் ஏதாவது கேட்டுக் குழப்புகிறான். மற்றவர்களும் கெட்டுப்போவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஒரு மாணவி இரண்டு வாரமாக நள்ளிரவில், "இருந்து என்ன பிரயோஜனம்" என்று மெசேஜ் அனுப்புகிறாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டாள். ஜெபித்து, வசனங்கள் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அருகில் உள்ள சபையின் போதகரோ, நான் பிள்ளைகளைச் சபையிலிருந்து இழுக்கிறேன் என்கிறார். வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தால் எல்லாம் சரியாகுமா? இல்லை, நான் இதற்குத் தகுதியில்லாதவனா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் பல விஷயங்களுக்கு நடுவில் ஒரு விஷயமாக அந்த மாணவியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்து முதலில் வைக்கிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும். இது இன்றைக்கே செய்யவேண்டியது.

அவளிடம் நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. மனநல மருத்துவர்களும் இப்படித்தான் கேட்கிறார்கள். பல நாள் தனியாகச் சுமந்ததை ஒருவர் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டாரே என்று அவளுக்கு மூச்சு விட முடியும். ஆமாம் என்றால், எப்படி, எப்போது என்று மனதில் ஏதாவது திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் அவளைத் தனியாக விடக்கூடாது. அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். திட்டம் ஒன்றும் இல்லை என்றாலும் கல்லூரி ஆலோசகருக்கும், வீட்டில் அவள் நம்புகிற ஒருவருக்கும் தெரிந்தாக வேண்டும். அவளை ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். மனச்சோர்வு ஒரு நோய். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

வாக்குக் கொடுத்துவிட்டேனே என்பீர்கள். அந்த வாக்கு கொடுத்திருக்கக் கூடாதது. இதை அவளிடமே சொல்லுங்கள்: "நான் ரகசியம் காப்பேன் என்று சொன்னது தவறு. உன் கோபத்தை வாங்கிக்கொள்கிறேன், ஆனால் இதை இனி நான் ஒருவனாக வைத்திருக்க மாட்டேன்." அவளுக்குத் தெரியாமல் பின்னால் போய்ச் சொல்லாதீர்கள், சொல்லப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள், முடிந்தால் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அவள் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

வசனம் அனுப்பியதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பைபிளில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்டபோது என்ன நடந்தது என்று ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டான், எழுப்பிச் சாப்பிட வைத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். "உனக்கு இங்கே என்ன காரியம்" என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது, அதுவும் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகு. "விசுவாசம் குறைவாக இருப்பதால்தான் இப்படித் தோன்றுகிறது" என்ற வார்த்தை அவள் காதில் விழவே கூடாது. ஐக்கியத்தில் வேறு யாரும் சொல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நள்ளிரவில் ஒரு மாணவியும் அவளைவிடப் பத்து வயது மூத்த ஓர் ஆணும் தனியாக மெசேஜில் பேசிக்கொண்டிருப்பது, உங்கள் மனம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், நல்லதில்லை. அவளுக்கும் பாதுகாப்பில்லை, உங்களுக்கும் இல்லை. நம்பிக்கையான ஒரு மூத்த பெண்ணை உடனே இதற்குள் கொண்டுவாருங்கள். ஊழியத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டேன். பிள்ளைகள் காயப்பட்ட கதைகள் பலவற்றுக்குத் தொடக்கம் கெட்ட எண்ணமாக இருக்கவில்லை. "என்னிடம் மட்டும்தான் அவள் பேசுகிறாள்" என்ற பெருமிதம்தான் தொடக்கமாக இருந்தது.

சரி, இப்போது ஐக்கியத்துக்கு வருவோம்.

நாற்பத்தைந்து பன்னிரண்டானதைப் பற்றி நான் ரொம்பக் கவலைப்படவில்லை. கல்லூரி ஐக்கியங்களில் எண்ணிக்கை ஏறும், இறங்கும். ஒரு வருடத்தில் நன்றாகப் பாடுகிற நான்கு பேர் சேர்ந்துவிட்டால் கூட்டம் இரட்டிப்பாகும்; அவர்கள் போனதும் பாதியாகும். எனக்கு உறுத்தியது வேறொரு வரி: "செய்தி தயாரிக்கிறேன். கேட்கிறார்கள். போய்விடுகிறார்கள்." ஆறு வருடமாக நீங்கள் அந்தப் பிள்ளைகளைப் பார்வையாளர்களாகப் பழக்கியிருக்கிறீர்கள். அவர்களும் நன்றாகவே பழகிவிட்டார்கள். பார்வையாளரிடம் போய் "பொறுப்பெடுக்க ஏன் யாரும் வரவில்லை" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

ஒரு கணக்குப் போடுங்கள். மூன்று வருடப் படிப்பு என்று வைத்துக்கொள்வோம். விடுமுறை, தேர்வு, தேர்வுக்கு முந்தைய வாரங்கள், சேர்க்கை நடக்கிற வாரங்கள் எல்லாம் கழித்தால் வருடத்துக்கு இருபது, இருபத்திரண்டு வியாழக்கிழமை மிஞ்சும். மூன்று வருடத்துக்கு அறுபத்து சொச்சம். சராசரி மாணவன் அதில் மூன்றில் ஒரு பங்கு வரமாட்டான். ஆக உங்கள் கையில் இருப்பது சுமார் நாற்பத்து நான்கு கூட்டம். உங்கள் கல்லூரி நாள்காட்டியை எடுத்து நீங்களே எண்ணிப் பாருங்கள், எண்ணிக்கை கொஞ்சம் மாறலாம். அந்த நாற்பத்து நான்கிலும் அவன் நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தால், பட்டம் வாங்கி ஒரு புது ஊருக்கு, ஒருவரையும் தெரியாத அலுவலகத்துக்குப் போகிற நாளில் அவனுக்கு என்ன செய்யத் தெரிந்திருக்கும்? கேட்கத் தெரிந்திருக்கும். நல்ல பிரசங்கி எங்கே கிடைப்பார் என்று தேடுவான். கிடைக்காவிட்டால் மெல்ல நின்றுவிடுவான்.

சபைக்கும் மாணவர் ஐக்கியத்துக்கும் பெரிய வித்தியாசம் இதுதான். சபையில் ஒருவர் நாற்பது வருடம் இருக்கலாம். இங்கே உள்ளே நுழைகிற அன்றைக்கே வெளியே போகிற தேதியும் தெரியும். அதனால் "இவர்களை எப்படிப் பிடித்து வைப்பது" என்று யோசிக்கிற தலைவர் தோற்பது நிச்சயம். "போகும்போது கையில் என்ன இருக்கும்" என்றுதான் யோசிக்க வேண்டும்.

மாணவர் ஊழியத்தின் சரித்திரத்தைப் புரட்டினாலும் இதுதான் தெரிகிறது. 1729-ல் ஆக்ஸ்போர்டில் சார்லஸ் வெஸ்லி தொடங்கி, அண்ணன் ஜான் வந்து முன்னின்று நடத்திய சிறு கூட்டத்தைச் சக மாணவர்கள் "பரிசுத்தக் குழு" என்று கேலி செய்தார்கள். அவர்கள் சேர்ந்து வாசித்தார்கள், சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்த்தார்கள். 1806-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் ஜெபிக்க வெளியே போய், இடி மழையில் மாட்டிக்கொண்டு ஒரு வைக்கோற்போர் ஓரமாக ஒதுங்கினார்கள். அங்கே பேசிய பேச்சின் தொடர்ச்சியாக நான்கு வருடத்தில், 1810-ல், அந்த நாட்டின் முதல் வெளிநாட்டு மிஷனரிச் சங்கம் உருவானது. அந்த வைக்கோற்போர் ஓரத்தில் ஒரு "அண்ணன்" இருந்து செய்தி கொடுத்ததாக யாரும் எழுதி வைக்கவில்லை. கேம்பிரிட்ஜில் 1877-ல் மாணவர்கள் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கியம் இன்றும் நடக்கிறது. நடத்துகிறவர்கள் மாணவர்களே. குழு மாறிக்கொண்டே இருக்கிறது, ஐக்கியம் நிற்கிறது. குழு மாறுவதால்தான் நிற்கிறது என்பது என் எண்ணம்.

1886-ல் அமெரிக்காவின் மவுண்ட் ஹெர்மனில் நடந்த கோடை முகாமில் மிஷனரியாகப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்கள் சுமார் நூறு மாணவர்கள். அவர்களில் ஒருவரான ஜான் மாட்டுக்கு அப்போது வயது 21. ஒன்பது வருடம் கழித்து, 1895-ல், உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தைத் தொடங்கியவர்களில் அவர் முன்னணியில் இருந்தார். 1946-ல் அமைதிக்கான நோபல் பரிசை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார். உங்கள் பன்னிரண்டு பேரில் இருபத்தோரு வயதுக்காரர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு இதுவரை கொடுத்த பெரிய பொறுப்பு என்ன? நாற்காலி போடுவதும் புரொஜெக்டர் மாட்டுவதும்தான் என்றால் அதை நாம் வெளியே சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இனி என்ன செய்வது? முதல் வேலை, செய்தியை நிறுத்துவது. வேதத்தை நிறுத்தச் சொல்லவில்லை, செய்தியை. அதற்குப் பதிலாக எல்லோரும் ஒரே பகுதியை வாசித்துக் கேள்விகளால் தோண்டுகிற வேத ஆராய்ச்சி.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் ஒரு தம்பி நடத்திய வேத ஆராய்ச்சியில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மாற்கு சுவிசேஷம் இரண்டாம் அதிகாரம், நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நான்கு பேர் தூக்கி வந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல், வீட்டுக் கூரையைப் பிரித்து இயேசுவிடம் இறக்குகிற பகுதி. நல்ல கேள்வியாகத்தான் கேட்டார்: "இயேசு யாருடைய விசுவாசத்தைக் கண்டார்?" அமைதி. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு வினாடி. அவரே, "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு என்று போட்டிருக்கிறது பாருங்கள், ஆக..." என்று தொடங்கிப் பன்னிரண்டு நிமிடம் பேசினார். அடுத்த கேள்விக்கு மூன்று வினாடி. அரைமணி நேரத்தில் பிள்ளைகள் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள்: வாயைத் திறக்க வேண்டாம், அண்ணனே பதில் சொல்லிவிடுவார்.

அடுத்த வாரம் அதே பகுதியை மறுபடி எடுக்கச் சொன்னேன். கேள்வி கேட்டதும் மனதுக்குள் முப்பது எண்ண வேண்டும், அதற்குள் வாயைத் திறந்தால் எனக்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம். பதினெட்டோ பத்தொன்பதோ எண்ணியிருப்பார். அந்த அமைதியில் அவர் காது சிவந்துபோனது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. அப்போது முதலாம் வருட மாணவி ஒருத்தி, அதுவரை பேசியே பார்த்திராதவள், "அந்த வீட்டுக்காரர் என்ன சொல்லியிருப்பார்? கூரையையே பிரித்துவிட்டார்களே" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் இன்னொருவன், "ஒருத்தனைக் கொண்டுவர யாரோ ஒருத்தர் வீடு உடையவேண்டியிருக்குது" என்றான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். அடுத்த நாற்பது நிமிடம் அந்தத் தம்பி மொத்தமாக ஆறேழு வாக்கியம்தான் பேசியிருப்பார். எனக்கு டீ கிடைக்கவில்லை.

கேள்வி தயாரிப்பதற்குப் பெரிய வித்தை எதுவும் இல்லை. முதலில், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வைக்கிற கேள்விகள்: யார் இருக்கிறார்கள், எங்கே, யார் என்ன சொன்னார்கள், எந்த வார்த்தை திரும்ப வருகிறது. அப்புறம், அதற்கு என்ன பொருள் என்று யோசிக்க வைக்கிற கேள்விகள். கடைசியில்தான், நமக்கு இதில் என்ன என்பது. நம் ஆட்கள் முதல் படியைத் தாண்டிக் குதித்து நேராகக் கடைசிப் படியில் நிற்பார்கள், "இந்தப் பகுதி உங்களோடு எப்படிப் பேசியது?" என்று ஆரம்பிப்பார்கள். பகுதியையே இன்னும் பார்க்கவில்லையே, எப்படிப் பேசும்? "ஆமாம்", "இல்லை" என்று ஒரு வார்த்தையில் பதில் முடிகிற கேள்விகளைத் தூக்கி எறியுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஆறேழு கேள்வி போதும். மாற்கு சுவிசேஷம் பதினாறு அதிகாரம். வேகமாக நகர்கிற புத்தகம். சபைப் பழக்கமே இல்லாத மாணவனும் உட்காரலாம். அதிலிருந்தே தொடங்குங்கள்.

இரண்டாவது வேலை, நடத்துவதையும் கையை விட்டு விடுவது. உங்கள் கடிதத்தில் எல்லோரும் செய்கிற ஒரு தவறு இருக்கிறது. கைகொடுத்தவர்கள் எல்லாம் கடைசி வருடத்து மாணவர்கள் என்கிறீர்கள். கடைசி வருடத்தவனுக்குப் பொறுப்புக் கொடுத்தால் அவன் கற்றுக்கொள்கிற நேரத்தில் புராஜெக்ட், தேர்வு, வேலைக்கான நேர்முகம் என்று ஓடுகிறான், பிறகு போயேவிடுகிறான். பொறுப்பு இரண்டாம் வருடத்தில் போக வேண்டும். முதலாம் வருடத்தின் பிற்பாதியிலேயே ஆட்களைக் கவனித்துவிடுங்கள். நன்றாகப் பேசுகிறவனைத் தேடாதீர்கள். கூட்டம் முடிந்ததும் புதிதாக வந்தவனிடம் போய் "எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்கிறவன் எவனோ அவனைப் பாருங்கள். சொன்ன நேரத்துக்கு வருகிறவளைப் பாருங்கள். அப்போஸ்தலன் பவுல் தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதியபோது மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்க உண்மையுள்ளவர்களிடம் ஒப்புவிக்கச் சொன்னார். உண்மையுள்ளவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

பழைய குழு இருக்கும்போதே புதுக் குழு நடத்த ஆரம்பிக்க வேண்டும், குறைந்தது நான்கு மாதமாவது. கடைசி வருடத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். கல்வி ஆண்டு தொடங்குகிற முதல் சில வாரங்களில் புதிய மாணவர்கள் யாரோடு சாப்பிடுவது, யாரோடு சுற்றுவது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பிறகு அது லேசில் மாறாது. அந்த வாரங்களில் அவர்களைத் தேடிப் போய்ப் பேசவேண்டியது அவர்களைவிட ஒரே வயது மூத்த மாணவர்கள். நீங்கள் போனால் இன்னொரு பெரியவர், அவ்வளவுதான்.

சொதப்புவார்கள். கட்டாயம் சொதப்புவார்கள். நான் முதன்முதலில் ஒரு இரண்டாம் வருட மாணவியிடம் கூட்டத்தைக் கொடுத்தபோது அவள் கையிலிருந்த தாள் நடுங்கின சத்தம் கேட்டது. ஒன்றரை மணி நேரத்துக்கு வைத்திருந்ததை இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். எழுந்து மீதி நேரத்தை நிரப்பிவிடலாம் என்று கால் துடித்தது. நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "சரி, அப்போ ஜெபிக்கலாமா?" என்று அவளே சொன்னாள். அன்றைக்கு எல்லோரும் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினார்கள், உலகம் ஒன்றும் முடிந்துபோகவில்லை. அதற்கு முந்தைய வருடம் இன்னொரு மாணவனிடம் இதே இடத்தில் நான் எழுந்துவிட்டேன். அவன் பிறகு ஒருபோதும் நடத்த முன்வரவில்லை. அவனிடம் நான் மன்னிப்புக் கேட்க நான்கு வருடம் ஆனது.

நடத்தி முடித்த பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். அன்றைக்கே, காரசாரமாக இல்லாமல். "எந்தக் கேள்விக்குப் பேச்சு ஓடியது? எதில் நின்றது? ஏன்?" மூன்றே கேள்வி. நீங்கள் வாரம் நான்கு மணி நேரம் செய்தி தயாரிக்கிறீர்களே, அந்த நான்கு மணி நேரத்தை இனி இதற்குக் கொடுங்கள்: நடத்தப்போகிற இரண்டு பேரோடு ஒரு மணி நேரம் அந்தப் பகுதியை முன்கூட்டியே வாசிப்பது, மீதி நேரம் ஒவ்வொரு மாணவனோடும் நடந்துகொண்டோ உட்கார்ந்தோ பேசுவது. எத்திரோ தன் மருமகன் மோசேயிடம் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: நீ செய்கிற காரியம் நல்லதல்ல, நீயும் தொய்ந்துபோவாய், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை நியாயம் விசாரித்தவர் மோசே. நீங்கள் வியாழக்கிழமை மாலை மட்டும். ஆனால் வியாதி ஒன்றே.

கேள்வி கேட்டுக் குழப்புகிற மாணவனைப் பற்றி. தம்பி, அவன் இன்னும் வருகிறான் என்பதைக் கவனித்தீர்களா? விசுவாசம் போய்விட்டது என்று சொல்கிறவன் வியாழக்கிழமை மாலையை உங்களோடு செலவழிக்க வேண்டிய அவசியம் என்ன? யோவான் சுவிசேஷம் இருபதாம் அதிகாரத்தில், இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்ற சீடர்கள் சொன்னபோது தோமா என்ற சீடன், "தொட்டுப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன்" என்கிறான். எட்டு நாள் கழித்து இயேசு மறுபடி வரும்போது தோமா எங்கே இருந்தான்? அவர்களோடு அதே வீட்டுக்குள்ளே. அந்த எட்டு நாளும் மற்ற பத்துப் பேரும் அவனை வெளியே அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் இயேசு வந்தபோது அவன் இருந்திருக்க மாட்டான்.

கேம்பிரிட்ஜில் சார்லஸ் சிமியோன் என்ற போதகர் 1782 முதல் 1836-ல் இறக்கும்வரை ஒரே ஆலயத்தில் ஊழியம் செய்தார். தொடக்க வருடங்களில் சபையாருக்கே அவரைப் பிடிக்கவில்லை. பிரசங்கம் கேட்க யாரும் உட்கார முடியாதபடி தங்கள் இருக்கைகளைப் பூட்டிவிட்டுப் போனார்கள். அவர் பிற்காலத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் அறைகளை மாணவர்களுக்குத் திறந்து வைத்தார். தேநீர் கொடுத்து, எந்தக் கேள்வியை வேண்டுமானாலும் கேட்கச் சொல்வார். மாணவர் ஊழியத்தில் எனக்குப் பிடித்த காட்சி இது. அரை நூற்றாண்டு பிரசங்கித்தவர், மாணவர்களுக்கென்று ஒதுக்கிய மாலையில் அவர்களைக் கேட்கவிட்டார். நீங்களும் மாதம் ஒரு வியாழனை இதற்கென்று ஒதுக்குங்கள். கேள்விகளைத் துண்டுத்தாளில் பெயரில்லாமல் எழுதிப் போடச் சொல்லுங்கள். துன்பம் ஏன், விஞ்ஞானம் என்ன சொல்கிறது, மற்ற மதத்து நண்பன் என்ன ஆவான், ஜெபித்தும் அப்பா ஏன் இறந்தார் என்று வரும். அந்த மாணவன் ஒருவன்தான் சந்தேகப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தாள்களைப் பிரித்த பிறகு அப்படி நினைக்க மாட்டீர்கள். தெரியாததற்குத் "தெரியவில்லை, படித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி படித்துவிட்டும் வாருங்கள்.

வேத ஆராய்ச்சி நடக்கிற வாரத்தில் அவன் பாதை மாற்றினால் மட்டும், "இது பெரிய கேள்வி, கூட்டம் முடிந்ததும் நீயும் நானும் பேசலாம்" என்று சொல்லி, பேசவும் செய்யுங்கள். ஆதிச் சபைக் காலத்தில் அப்பொல்லோ என்ற போதகர் குறைவாகத் தெரிந்ததை வைத்துப் பேசியபோது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று திருத்தவில்லை. தனியே அழைத்துப் போய் விளக்கினார்கள். பேசும்போது முதல் அரைமணி நேரம் பதில் சொல்லாதீர்கள். பல நேரம் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருக்கும்.

போதகர் விஷயத்தில் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, கோபிக்காதீர்கள். ஐக்கியம் சபை இல்லை. ஞானஸ்நானமும் திருவிருந்தும் அங்கே. குழந்தையும் கிழவியும் ஒரே வரிசையில் உட்காருவதும் அங்கே. ஒரே வயதுக்காரர்களோடு மட்டும் மூன்று வருடம் ஆராதித்தவன் வெளியே போனதும் எந்தச் சபையும் அவனுக்கு ருசிக்காது. ஞாயிற்றுக்கிழமையில் நீங்கள் எந்தக் கூட்டமும் வைக்காதீர்கள். போதகரைப் போய்ப் பாருங்கள், விளக்கம் சொல்ல அல்ல, ஒரு உதவி கேட்க: "இந்தப் பிள்ளைகளில் வீட்டைவிட்டு வந்திருப்பவர்கள் இருக்கிறார்கள், உங்கள் சபைக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடுமா?" இப்படிக் கேட்ட பிறகும் அவர் குறை சொன்னால் அது அவர் பாடு.

கல்லூரி நிர்வாகத்திடம் கூட்டத்துக்கு எழுத்தில் அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முகாமுக்குப் பணம் வாங்கினால் கணக்கை மாணவர் இருவர் எழுதட்டும், உங்கள் கைக்கு வர வேண்டாம். வேறு மதத்து மாணவர்கள் வந்தால் சந்தோஷமாக வரட்டும், என்ன கூட்டம் என்று தெரிந்து வரட்டும். படிப்பு உதவி என்று கூப்பிட்டுவிட்டுப் பைபிளை எடுப்பது ஏமாற்று.

கடைசியாக, வேலையை விடுவது. வேண்டாம், இப்போது வேண்டாம். முழுநேர ஊழியம் தாழ்ந்தது என்பதால் இதைச் சொல்லவில்லை. நான் அதில்தான் இருக்கிறேன். நீங்கள் களைத்திருக்கிறீர்கள், களைப்பில் வருகிற யோசனையை அழைப்பு என்று எண்ணிவிடக் கூடாது. எல்லாவற்றையும் நீங்களே செய்கிற ஒரு வாரத்துக்கு இன்னும் நாற்பது மணி நேரம் சேர்த்துக் கொடுத்தால் அந்த நாற்பதிலும் நீங்களே செய்வீர்கள். பவுல் கொரிந்துவில் கூடாரம் பண்ணிக்கொண்டே ஊழியம் செய்தார். அலுவலகத்தில் மேலதிகாரியின் ஏச்சைக் கேட்டுவிட்டு வருகிற ஒருவரிடம் மாணவர்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நாளைக்கு அவர்கள் போகப்போவதும் அங்கேதான். ஒரு வருடம் கழித்து, நீங்கள் தொடர்ந்து மூன்று வியாழன் போகாமலே ஐக்கியம் நடந்தது என்றால், அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள். இந்தக் கேள்வியைப் பற்றிப் பேசலாம்.

தகுதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆறு வருடம் வியாழக்கிழமை தவறாமல் போயிருக்கிறீர்கள். நான் இதற்கு வேறு பதில் எழுதப்போவதில்லை.

இந்த வியாழன் அந்தப் பன்னிரண்டு பேரில் இரண்டாம் வருடத்தவர்கள் இருவரைத் தனியாக அழையுங்கள். மாற்கு இரண்டு, முதல் பன்னிரண்டு வசனம். சேர்ந்து வாசித்து, அவர்களையே ஆறு கேள்வி எழுத வையுங்கள். அதற்கு அடுத்த வியாழன் அவர்கள் நடத்தட்டும். நீங்கள் கதவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், கையில் பேனா மட்டும் இருக்கட்டும். அந்த மாணவி யாரிடம் பேசினாள், யார் அவளோடு இருக்கிறார்கள் என்று மட்டும் அதற்கெல்லாம் முன்பே, நாளைக்கே, எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா